நீர் போன பின் நிற்பது

பர்கூர் கடைவீதியிலிருந்து உள்ளே திரும்பும் தெருவொன்றில் என் அத்தை வீடு இருக்கிறது. நாட்டு ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. முன்னறைச் சுவர் மட்டும் தாத்தா கட்டிய கல்லும் மண்ணும்தான். இந்தப் போகிக்கு முன் அந்தச் சுவருக்கு எமல்ஷன் அடிப்பதென்று முடிவாகி, பெயிண்டர் அண்ணன் பட்டித் தகட்டால் சுரண்ட ஆரம்பித்தார். முதலில் வெளிர்பச்சை டிஸ்டெம்பர் செதில் செதிலாக உதிர்ந்தது. அதன் அடியில் ரோஸ் நிறம் வந்தது. அதற்கும் அடியில் லேசாக நீலம் பாய்ந்த வெள்ளை, தொட்டால் விரலில் மாவாக ஒட்டியது. கடைசியில் தகடு பட்டதும் கிறீச்சென்று கத்திய ஒரு கெட்டி வெள்ளை வந்தது. அங்கே அவர் கையை நிறுத்திக்கொண்டார். “இதுக்கு மேல வராதுங்க. இது கல்லாயிடுச்சு.”

பேச்சுவாக்கில் சொன்னதுதான். ஆனால் வேதியியல் ஆசிரியரைக் கேட்டாலும் அதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்.

அந்தச் சுவரில் இருந்த அத்தனை அடுக்குகளும் தண்ணீரில் கரைத்து அடித்தவையே. இன்று கடைக்காரர் ‘வாட்டர் பேஸ்டு’ என்று சொல்லி விற்கும்போது அது நேற்று வந்த புதுமை போலத் தோன்றுகிறது. உண்மையில் நம் சுவர்களுக்குத் தண்ணீர்தான் பழைய துணை. எண்ணெய் நடுவில் வந்த விருந்தாளி. தண்ணீருக்கு ஒரு குணம் உண்டு. நிறத்தைச் சுவர்வரை சுமந்துகொண்டு வந்து சேர்த்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் காற்றோடு போய்விடும். அது போன பிறகு நிறத்தைச் சுவரில் பிடித்து வைத்திருப்பது எது? கல், வஜ்ரப் பசை, ரப்பர்ப் பால் என்று ஒவ்வொரு காலமும் அதற்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதில்கள் ஊர்விட்டு ஊர், கண்டம்விட்டுக் கண்டம் போய்வந்த கதைதான் இந்தச் சுவரின் கதை.

அத்தை வீட்டுக்குப் பக்கத்திலேயே அதன் முதல் பக்கம் இருக்கிறது. பர்கூர் வட்டத்து மல்லபாடியில், பாறை நிழலில், குதிரைமேல் அமர்ந்து ஆயுதம் தூக்கிய வீரர்களின் உருவங்களை யாரோ வெள்ளை நிறத்தில் தீட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் முதலில் கண்டறியப்பட்ட பாறை ஓவியங்களுள் இவை சேரும். தொல்லியல் அறிஞர் கே.வி. ராமன் இவற்றை வெளியுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். இதே வட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த சான்றுகள் தமிழ்நாட்டு இரும்பின் வயதைக் கி.மு. 2172 வரை பின்னுக்குத் தள்ளின. அது 2022-ல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டபோது நாடே திரும்பிப் பார்த்தது. அந்த மலையிலும் பாறை ஓவியங்கள் உண்டு. செங்காவி ஓவியங்கள் பல ஊர்களில் இருக்க, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறைகளில் வெள்ளையே மேலோங்கி நிற்கிறது. கருத்த பாறையில் வெள்ளை எடுப்பாகத் தெரியும் என்பதை இங்கே வாழ்ந்தவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். வெயிலும் மழையும் நேராகப் படாத இடம் பார்த்து வரைந்தார்கள். உட்சுவருக்கு நிறம் பூசுவது என்ற வழக்கம் நம் வட்டாரத்தில் அங்கே தொடங்குகிறது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

பாறையை விட்டு வீட்டுக்கு வந்தபோது சுண்ணாம்பு வந்தது. சுக்கான்கல்லையோ கடற்கரைக் கிளிஞ்சலையோ காளவாயில் இட்டு 900 டிகிரி அளவுக்குச் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறும். மிஞ்சும் கட்டியில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் புகைந்து வெண்ணெய் போல நீறும். அதைக் கரைத்துச் சுவரில் அடித்தால், காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக்கல்லாகவே மாறிவிடும். அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது, காயக் காயத்தான் வெளுக்கும். சிறுவயதில் மட்டையைப் பிடித்துச் சுவரில் இழுத்தவர்களுக்கு அந்த ஏமாற்றமும், மறுநாள் காலை வரும் வியப்பும் மறந்திருக்காது. நீர் போன பின் நிற்பது எது என்ற கேள்விக்கு முதல் பதில் இதுதான். நிறமே கல்லாகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர்கள் இதே வித்தையை ஓவியமாக்கினார்கள். ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் வண்ணத்தை வைத்தார்கள். சுண்ணாம்பு இறுகும்போது வண்ணத்தையும் தனக்குள் பூட்டிக்கொண்டது. பின்னால் வந்த நாயக்கர் காலத்தவர் அதன்மேலேயே புதிதாக வரைந்துவிட, சோழர் வண்ணம் பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்தது. 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி அதைக் கண்டுபிடித்தார். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அந்தப் பூச்சை ஆராய்ந்து, ஈரச்சுவர் ஓவிய முறை என்று எடுத்துச் சொன்னார். ஆயிரம் ஆண்டு நின்ற சுவருக்கு அடியில் இருந்தது சுண்ணாம்பும் தண்ணீரும்தான்.

இந்தச் சுண்ணாம்பு கப்பலும் ஏறியது. சென்னையில் வந்து இறங்கிய ஆங்கிலேயர், பளிங்கு போல மின்னிய சுவர்களைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். சுண்ணாம்போடு வெல்லம், கடுக்காய், தயிர், முட்டை வெள்ளை எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துப் பெற்ற மினுமினுப்பு அது. செயின்ட் ஹெலினா தீவின் கவர்னராக இருந்த ஐசக் பைக், மெட்ராஸில் காரை அரைக்கும் முறையை எழுதி லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கொடுக்க, 1732-ல் அது அவர்களின் ஆய்விதழில் அச்சானது. நம் கொத்தனார்களின் கைப்பக்குவம் அட்லாண்டிக் நடுத்தீவு வழியாக லண்டன் போய்ச் சேர்ந்தது என்பதை நினைத்தால் இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது. ‘சுனம்’ என்ற சொல்லும் ஆங்கில அகராதியில் ஏறியது.

அழகுபடுத்திய சுண்ணாம்பு அழிக்கவும் உதவியது. பர்கூர் இருந்த பாராமகால் 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அதே திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தாரியா தௌலத் மாளிகையில், பொள்ளிலூர்ப் போரில் ஆங்கிலேயர் தோற்றதைக் காட்டும் பெரிய சுவரோவியம் ஒன்று உண்டு. 1799 முற்றுகைக்கு முன் அதன்மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். போர் முடிந்து அங்கே தங்கிய ஆங்கிலேயத் தளபதி வெல்லெஸ்லி அதை மீட்டு வரையச் செய்தார். பிறகு மீண்டும் மங்கிப்போக, 1850களில் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி இன்னொரு முறை புதுப்பிக்க ஆணையிட்டார். தங்கள் தோல்வியின் படத்தைத் தாங்களே இரண்டு முறை எழுதிவைத்தார்கள்!

இனி அத்தை வீட்டுச் சுவரின் நீலத்துக்கு வருகிறேன். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சுண்ணாம்பு வெள்ளையில் ஒரு மஞ்சள் சாயல் இருக்கும். துளி நீலம் கலந்தால் அந்த மஞ்சள் அடங்கி, கண்ணுக்கு வெள்ளை கூடுதலாகத் தெரியும். துணிக்கு நீலம் போடுவதும் இதே கணக்குதான். ஆனால் எந்த நீலம்? 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் டீஸ்பாக் என்ற சாயக்காரர் சிவப்புச் சாயம் காய்ச்ச உட்கார்ந்தார். அவர் வாங்கிய பொட்டாஷ் உப்பில் விலங்குகளின் இரத்தம் சேர்ந்த எண்ணெய்க் கழிவு கலந்திருந்தது. சிவப்புக்குப் பதிலாக ஆழ்ந்த நீலம் வந்து நின்றது. அதுதான் பிரஷ்ய நீலம். அதைத் தயாரிக்கும் ரகசியத்தோடு 1760-ல் ஜெர்மனியிலிருந்து லண்டன் போனவர் லூயிஸ் பெர்கர். இன்றும் நம் ஊர்க் கடைகளில் டப்பாமேல் அந்தப் பெயர் இருக்கிறது. ஆனால் பிரஷ்ய நீலத்துக்குச் சுண்ணாம்பின் காரம் ஆகாது. சுவரில் வைத்தால் நிறம் செத்துப்போகும்.

சுண்ணாம்பைத் தாங்கிய நீலம், பொருத்தமாக, சுண்ணாம்புக் காளவாயிலிருந்தே வந்தது. அதுவரை ஆப்கானிஸ்தானின் படக்ஷான் மலைகளிலிருந்து வந்த லாபிஸ் கல்லை அரைத்துத்தான் உயர்ந்த நீலம் எடுத்தார்கள். அஜந்தா ஓவியங்களிலும் அது உண்டு. 1787-ல் சிசிலித் தீவில் பயணம் செய்த கவிஞர் கெதே, பலெர்மோ பக்கத்துக் காளவாய்களின் உட்சுவரில் நீலக் கண்ணாடி போல ஏதோ படிந்திருப்பதையும், ஊர்க்காரர்கள் அதைப் பெயர்த்து லாபிஸுக்குப் பதிலாகப் பதிப்பதையும் பார்த்து எழுதிவைத்தார். பிறகு பிரான்சில் சோடா உலை ஒன்றிலும் இதே நீலம் தென்பட்டது. 1824-ல் பிரெஞ்சுத் தொழில் ஊக்குவிப்புச் சங்கம் செயற்கை நீலத்துக்கு 6,000 பிராங்க் பரிசு அறிவித்தது. ழான் பாப்டிஸ்ட் கிமே அதை வென்றார். அதே நேரத்தில் ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் க்மேலின் என்பவரும் செய்முறையை வெளியிட, முதலில் கண்டது யார் என்ற சண்டை மூண்டது. நீலத்தில் பணம் பெருகிய கிமேயின் மகன் எமில், அந்தச் செல்வத்தைக் கொண்டு ஓர் அருங்காட்சியகம் எழுப்பினார். பாரிஸின் கிமே மியூசியம் அதுதான். நம் சோழர் காலச் செப்புத் திருமேனிகளை இன்று அங்கே பார்க்கலாம். சுண்ணாம்புக்கு நீலம் விற்ற காசின் வீட்டில் நம் நடராசர் நிற்கிறார்.

கல்லை அரைத்து எடுத்த காலத்தில் தங்கத்தோடு ஒப்பிடப்பட்ட நீலம், தொழிற்சாலையில் செய்ததும் காலணாப் பொட்டலத்துக்குள் வந்தது. இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்து ரெக்கிட் நிறுவனம் அதைச் சலவை நீலமாக உலகெங்கும் அனுப்பியது. ‘ராபின் புளூ’ டப்பா இல்லாத மளிகைக்கடை நம் பக்கம் இருந்ததில்லை. பொங்கலுக்கு முந்திய வாரம் சுண்ணாம்புத் தொட்டியில் அந்தப் பொட்டலத்தை அவிழ்த்துக் கொட்டிக் கலக்கிய என் தாத்தா, படக்ஷானையும் பலெர்மோவையும் சேர்த்தே கலக்கினார்.

அதே ஹல் நகரத்திலிருந்துதான் அடுத்த அடுக்கும் வந்தது. சீமைச் சுண்ணாம்புத் தூளை வஜ்ரப் பசை கரைத்த தண்ணீரில் குழைத்து அடிக்கும் முறை ஐரோப்பாவில் மிகப் பழையது. அதன் பெயர் டிஸ்டெம்பர். நீரில் ஊறவைத்தல் என்ற பொருள் தரும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். அதில் ஒரு குறை உண்டு. வஜ்ரம் தண்ணீரில் கரைவது, ஆகவே ஈரத்துணி பட்டால் நிறமும் கூடவே வந்துவிடும். அதில் கொஞ்சம் எண்ணெயையும் குழம்பாகக் கலந்து, துடைத்தால் போகாத டிஸ்டெம்பர் செய்தார்கள். ஹல்லின் சிஸ்ஸன்ஸ் சகோதரர்கள் விற்ற ‘ஹால்ஸ் டிஸ்டெம்பர்’ அவற்றுள் பேர்போனது. வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பெயிண்டர்கள் பலகையொன்றைத் தோளில் சுமந்து நடப்பது போல மரத்தில் வெட்டி, ரயில் பாதையோர வயல்களில் நட்டுவைத்தார்கள். இங்கிலாந்தில் ரயிலேறியவர் எவரும் அவர்களைப் பார்க்காமல் ஊர் போய்ச் சேர முடியாது.

இந்தியாவில் டிஸ்டெம்பரை வீட்டுக்குள் கொண்டுவந்தது யுத்தம். 1942-ல் பெயிண்ட் இறக்குமதி நின்றுபோன சமயம், பம்பாயில் நான்கு நண்பர்கள் ஒரு கார் ஷெட்டில் ஏஷியன் பெயின்ட்ஸைத் தொடங்கினார்கள். சுண்ணாம்புக்கும் விலையுயர்ந்த பிளாஸ்டிக் எமல்ஷனுக்கும் நடுவே, நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய ‘டிராக்டர்’ டிஸ்டெம்பரை அவர்கள் இறக்கினார்கள். டெம்பரை இழக்காதீர்கள், டிஸ்டெம்பர் வாங்குங்கள் என்ற பொருளில் விளம்பரமும் செய்தார்கள். கையில் பிரஷும் வாளியுமாக, நெற்றியில் முடி விழுந்த ‘கட்டு’ என்ற குறும்புப் பையனை 1954-ல் அவர்களுக்கு வரைந்து கொடுத்தவர் ஆர்.கே. லட்சுமண். அவர் பிறந்த மைசூர் நம் எல்லைக்கு அந்தப் பக்கம்தான். பர்கூரின் ஹார்டுவேர் கடைச் சுவர்களில் அவன் பல காலம் சிரித்துக்கொண்டிருந்தான்.

எண்ணெய் பெயிண்டையும் சொல்லியாக வேண்டும். ஆளிவிதை எண்ணெயில் ஈயவெள்ளையைக் குழைத்து, டர்பன்டைனில் இளக்கி அடித்த அந்தப் பெயிண்ட் கதவு ஜன்னலோடு நிற்கவில்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் எங்கும் இடுப்பளவுச் சுவருக்கு ஏறியது. வழவழப்பாக இருக்கும், கழுவலாம். ஆனால் ஈயம் குழந்தைகளின் மூளையைத் தின்னும் நஞ்சு. பெயிண்டர்களுக்கு வரும் வயிற்று நோய்க்கு ஈயமே காரணம் என்று பெஞ்சமின் பிராங்க்ளின் 1786-லேயே நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறையானது. இருநூற்றுச் சொச்சம் ஆண்டுத் தாமதம். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

தண்ணீர் மீண்டும் அரியணை ஏறியதற்குக் காரணம் ஒரு மரம். அந்த மரத்தின் பாலை எடுத்தவர்கள் நம் ஆட்கள். சேலம், வடஆர்க்காடு, திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் திரட்டிக் கொண்டுபோன தமிழர்கள் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டினார்கள். பர்கூர் அன்று சேலம் மாவட்டம். 1942-ல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் நேச நாடுகளுக்கு ரப்பர் வரத்து ஏறக்குறைய அறுந்தது. தோட்டத் தமிழர்கள் பலரைச் சயாம் ரயில்பாதை போட இழுத்துப்போனார்கள். அங்கே மாண்டவர்களுக்கு ஒழுங்கான கணக்குக்கூட இல்லை. அமெரிக்காவோ பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பர் செய்ய முழுமூச்சாக இறங்கியது. ஸ்டைரீன், பியூட்டாடையீன் என்ற இரண்டையும் சோப்புத் தண்ணீரில் குழம்பாக்கி வினைபுரிய விட்டால், மரத்துப் பாலைப் போலவே ஒரு வெள்ளைப் பால் கிடைத்தது. யுத்தம் முடிந்ததும் அந்தப் பால் தேவைக்கு மிஞ்சியது. 1948-ல் கிளீவ்லாந்தின் கிளிடன் நிறுவனம் அதில் நிறத்தைக் கலந்து ‘ஸ்பிரெட் சாட்டின்’ என்று சுவருக்கு விற்றது. தண்ணீர் ஆவியாக, கண்ணுக்கே தெரியாத ரப்பர் மணிகள் நெருங்கி நெருங்கி ஒன்றோடொன்று உருகி ஒட்டி, நிறத்தைச் சூழ்ந்த ஒரு தோலாகிவிடும். ஒருமுறை தோலானால் மறுபடி தண்ணீரில் கரையாது. வஜ்ரம் சொல்ல முடியாத பதிலை இந்தப் பால் சொன்னது.

இதே காலத்தில்தான் ரோலரும் வந்தது. டொரான்டோவில் நார்மன் பிரேக்கி 1940-ல் அதைச் செய்தார். கடைக்குக் கடை கொண்டுபோக அவரிடம் முதல் இல்லை. மற்றவர்கள் சிறு மாற்றம் செய்து தங்கள் பொருளாக்கிக்கொண்டார்கள். பெயிண்டர் அண்ணன் கையில் சுழல்வது அந்தக் கனடாக்காரருக்குக் கிடைக்காத காசு.

ரப்பர்ப் பால் நாளடைவில் மஞ்சளாகும். அதற்கு மாற்றான அக்ரிலிக்கின் மூலமோ தோல் ஷாப். நீலத்துக்காகச் சண்டை போட்ட அதே டியூபிங்கனில் ஓட்டோ ரோம் 1901-ல் அக்ரிலிக் பொருள்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். அதில் வருமானம் இல்லை. அன்று தோலை இளக்க நாய்ச் சாணத்தில் ஊறவைப்பார்கள். ரோம் அதற்குப் பதிலாக விலங்குக் கணையத்தின் நொதியைக் கொண்டு ஒரு தூள் செய்து, ஓட்டோ ஹாஸ் என்ற நண்பரோடு 1907-ல் கடை தொடங்கினார். தோல் பதனிடுபவர்கள் கொடுத்த காசுதான் அவரை மீண்டும் அக்ரிலிக்குக்குக் கூட்டிவந்தது. 1953-ல் ரோம் அண்ட் ஹாஸ் பெயிண்டுக்கென்றே அக்ரிலிக் பாலை விற்றது. இன்றைய நல்ல எமல்ஷன்கள் அதன் வழி வந்தவை. வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஷாப்களின் வாடையைத் தாண்டித்தான் சென்னையிலிருந்து பர்கூருக்கு பஸ் வருகிறது. அந்த வாடைக்கும் வாடையற்ற எமல்ஷனுக்கும் இப்படி ஓர் உறவு உண்டு என்று தெரிந்த பிறகு, ஆம்பூரில் ஜன்னலை மூடுவதை விட்டுவிட்டேன்.

எமல்ஷனின் வெள்ளையும் தமிழ்க் கரையோடு சேர்ந்தது. திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் ஆராய்ந்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். கேஸ் விளக்கின் மேன்டிலுக்கு அது தேவைப்பட, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் ஆலை போட்டார். முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மன் உளவாளி என்று அவரைக் கைது செய்தார்கள். அவர் தேடாத கறுப்பு மணலான இல்மனைட்டுக்குப் பின்னால்தான் மவுசு வந்தது. அதிலிருந்து எடுக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு, ஈயவெள்ளையைவிட நன்றாக மறைக்கும், நஞ்சில்லாத வெள்ளை. கறுத்த மணலிலிருந்து உலகின் வெளுத்த வெள்ளை வருகிறது.

இன்று இந்தத் தொழில் பர்கூரைச் சுற்றியே வளர்ந்து நிற்கிறது. ஓசூரில் நெரோலாக்கின் ஆலை இருக்கிறது. 1920-ல் பம்பாயில் ககன் பெயின்ட்ஸாகத் தொடங்கி, ஆங்கிலேயர் கைக்குப் போய், இப்போது ஜப்பானின் கன்சாயிடம் இருக்கும் நிறுவனம் அது. எல்லைக்கு அப்பால் மைசூரு, இந்துப்பூர், இந்தப் பக்கம் செய்யாறு, ஸ்ரீபெரும்புதூர் என்று ஆலைகள். அங்கே ஏறும் வாளிகளில் ஒரு பகுதி சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் நம் ஊரைத் தாண்டித்தான் போகிறது. கடையில் டிண்டிங் மெஷின் வெள்ளை பேஸில் சொட்டுச் சொட்டாக நிறம் விட்டு, அத்தை அட்டையில் தொட்டுக் காட்டிய சந்தன நிறத்தை இரண்டு நிமிடத்தில் குலுக்கிக் கொடுத்தது.

அண்ணன் கெட்டி வெள்ளையை அப்படியே விட்டார். மேலே பொடிந்த சுண்ணாம்பைத் தட்டித் துடைத்து, பிரைமர் வைத்து, பட்டி பார்த்துத் தேய்த்தார். மூன்றாம் நாள் எமல்ஷன் வாளியைத் திறந்தபோது மூக்கைப் பொத்த வேண்டியிருக்கவில்லை. அத்தை பேரன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தான். லிட்டருக்குக் கால்பங்குக்கும் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றிக் குச்சியால் கலக்கினார். ஒரு கோட் முடிய மத்தியானமானது.

மீந்த சுண்ணாம்பை முன்னெல்லாம் தென்னைமரத்து அடியில் பூசிவிடுவோம். பேரன் அந்த நினைப்பில் ரோலர் கழுவிய தண்ணீரைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனான். “அது பாலுங்க, காஞ்சா பிளாஸ்டிக்கு. மரத்துக்கு வேண்டாம்” என்று அண்ணன் கூப்பிட்டு நிறுத்தினார். பழைய டப்பாவில் ஊற்றிக் காயவிடச் சொன்னார். ரோலரை மட்டும் இன்னொரு வாளித் தண்ணீரில் முழுக்க அமுக்கி வைத்தார். நாளைக் காலை இரண்டாவது கோட் இருக்கிறது. அதுவரை அது காயக் கூடாது.